ராசியான மணிக்கட்டு

"கை முறிஞ்சது ரெண்டு ரூபா. விலா எலும்பு மூணு. காலு இப்ப கைவசம் இல்ல பாய், தீவாளி கழிச்சு வா."

சம்பந்தம் கத்திரிக்காய் விலை சொல்வது போலச் சொன்னான். வாஹித் பாஷாவுக்குச் சிரிப்பு வந்தது.

ஆம்பூர் பஜாரில் சம்பந்தத்துக்குப் பழைய பாட்டில், பழைய பேப்பர் வியாபாரம். அது கடையின் முன்பக்கம். பின்பக்கம் கோணிப்பைக்கு அடியில் இருப்பதெல்லாம் எக்ஸ்ரே படங்கள்! உடம்பு தேறியவர்களின் வீடு தேடிப் போய் நாலணாவுக்கு வாங்கி வருவான். லீவும் நஷ்ட ஈடும் தேவைப்படும், தோல் பதனிடும் டேனரி ஆட்கள் அவனைத் தேடி வருவார்கள். பின்னே என்ன? புதிதாக ஒரு படம் எடுக்க எட்டு ரூபாய். டேனரி ஆளுக்கு அது அரை மாசச் சம்பளம். எலும்பு முறிந்த வலியைவிட அதைப் படம் எடுக்கிற வலிதான் ஜாஸ்தி!

"மணிக்கட்டு வேணும். எடது கை," என்றான் வாஹித்.

"வாடகைக்கா, வெலைக்கா? வாடகைன்னா எட்டணா. எட்டு நாள்ல திருப்பிடணும்."

"வெலைக்கே குடு அண்ணே. இது திரும்பி வராது."

"யாருகிட்ட காட்டப் போறே?"

"வாலாஜாபேட்டை முனீர் அகமது சாயபு. இன்னிக்குப் பத்து மணிக்கு."

சம்பந்தம் கையிலிருந்த படங்களை அப்படியே கீழே போட்டான். "அய்யய்யோ! அந்தாளா? நூறு தோலு அடுக்குல ஒரு ஊசி ஓட்டையக் கண்டுபுடிக்கிற மனுசனாச்சே! அவரு டேனரி ஆளுங்களுக்கு நான் சரக்கே குடுக்கறதில்ல பாய். மாட்னா இன்னா பண்ணுவே?"

"மாட்னா ஆயுசுக்கும் பொழப்பு போச்சு. ஊர்ல தலை காட்ட முடியாது. அதான் முதல் தரமா குடுன்னு கெஞ்சறேன்."

சம்பந்தத்துக்கு மனசு இளகிவிட்டது. ஒவ்வொரு படமாகக் காலை வெயிலில் தூக்கிப் பிடித்துத் தரம் பிரித்தான்.

"இது கழிவு. இது ரெண்டாம் தரம், முறிவு சரியா தெரியல. ஆங்... இதப் பாரு! இந்த மணிக்கட்டு ஏழு டேனரில லீவு வாங்கிக் குடுத்திருக்குது. ராசியான எலும்பு!"

"அதையே குடு."

"இரு, கைய நீட்டு. அளவு பாக்கலாம்." நீட்டியதும் சம்பந்தம் விழுந்து விழுந்து சிரித்தான். "உன் கை முருங்கக்காயி மாதிரி இருக்குது. இது பயில்வான் எலும்பு. ஆளு நம்புவாரா?"

"பெரிய எலும்பு ஒடைஞ்சாத்தான் அண்ணே பெரிய மனுசன் நம்புவாரு."

அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் ஒரு ஆள் காலி பாட்டிலோடு நுழைந்தான். சம்பந்தம் சட்டென்று துண்டை உதறி இருவர் கையின் மேலும் போட்டான். தோல் மண்டிப் பழக்கம் அது. அங்கே விலையை வாய் சொல்லாது, துண்டுக்கு அடியில் விரல்தான் சொல்லும். சம்பந்தம் இரண்டு விரலைப் பிடித்தான். வாஹித் ஒன்றைப் பிடித்தான். சம்பந்தம் கிள்ளினான். வாஹித் திருப்பிக் கிள்ளினான். கடைசியில் ஒன்றே முக்கால் ரூபாயில் படிந்தது.

"கையில மஞ்சப் பத்து போட்டுக்கோ," என்று காதோரம் சொல்லிக் கொடுத்தான் சம்பந்தம். "நடுநடுவுல 'யா அல்லா'ன்னு ஒரு சத்தம் குடு. ஜாஸ்தியா கத்தாதே, சந்தேகம் வந்துடும்."

"சரி சரி, வர்றேன்!"

படத்தைச் செய்தித்தாளில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வாஹித் ஸ்டேஷனுக்கு ஓடினான். ரயில் போன வேகத்தைவிட அவன் நெஞ்சு அடித்த வேகம்தான் அதிகம். வாலாஜா ரோடில் இறங்கி, ஜட்கா பிடித்து, "இன்னும் சீக்கிரம் போப்பா, சீக்கிரம்!" என்று வண்டிக்காரனைப் பேஜார் பண்ணி, எப்படியோ பத்து மணிக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

முனீர் சாயபு அவனுக்கு முன்பே வந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் கடுகடு.

"படம் எங்கே?"

வாஹித் நின்றபடியே நீட்டினான். சாயபு வலது கையால் வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். விரலால் சுண்டினார். மோந்துகூடப் பார்த்தார்!

"நாப்பது வருசமா சரக்கு பாக்கறேன். கண்ணக் கட்டி விட்டாலும் எது எந்தச் சந்தைத் தோலுன்னு தடவியே சொல்லிடுவேன். என்னை எவன் ஏமாத்த முடியும்?"

வாஹித் ஓரக்கண்ணால் வாசல் பக்கம் பார்த்தான்.

"இது யாரு கைன்னு எனக்குத் தெரியாதா?"

"சா... சாயபு..."

"அசல் என் கையி! எலும்பப் பாருங்க, சிங்கம் மாதிரி!"

குஷியாகச் சொல்லிவிட்டு, சால்வைக்குள் வீங்கிக் கிடந்த இடது கையைத் தடவிக்கொண்டே முனீர் சாயபு எட்டு ரூபாயை எண்ணி வைத்தார், ஆறு மாசமாக வெறும் சத்தம் மட்டும் போடுகிற மெஷினில் நேற்று அவர் கையை வைத்துப் 'படம் எடுத்த' எக்ஸ்ரே டாக்டர் வாஹித் பாஷாவின் மேஜை மேல். ரயில் சார்ஜு, ஜட்கா வாடகை, துண்டுக்கடியில் பட்ட கிள்ளு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்த எட்டு ரூபாய் ஜாஸ்தியா, கம்மியா, நீங்களே சொல்லுங்களேன்?