சட்னி அரைக்கும் நேரம்

நிறைமதிக்கு அவள் வேலை பார்த்த கம்பெனி கொடுத்த வீட்டில் இணையத்துக்கென்று தனி வயர் கிடையாது. கரண்ட் கம்பியிலேயே வந்தது. வீட்டில் பேசுவதெல்லாம் அதே கம்பி வழியாகக் கம்பெனிக்குப் போனது. ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு பச்சை விளக்கு கண் கொட்டாமல் எரியும். மிக்சி ஓடினால் மட்டும் கம்பி குழம்பிப்போய் விளக்கு அணைந்துவிடும், பேச்சும் போகாது. அதனால் நிறைமதியும் அவள் புருஷன் பரிதியும் மனம்விட்டுப் பேசியதே சட்னி அரைக்கும் நேரத்தில்தான். சண்டை, சமாதானம், மேனேஜருக்கு வசவு, எல்லாம் அந்த இரண்டு நிமிஷத்துக்குள். தேங்காய் மையாக அரைபட்ட பிறகும் மிக்சி நிற்காது.

மாடி வீட்டுப் பெண் முழுகாமல் இருப்பது தெரிந்த வாரமே அவளுக்கு வேலையும் போனது, வீடும் போனது. இப்போது நிறைமதிக்கும் நாள் தள்ளிப்போயிருந்தது. அதையும் அவள் மிக்சியைப் போட்டுவிட்டுத்தான் பரிதியின் காதில் கத்தினாள்.

பொங்கலுக்குக் கம்பெனி வீட்டுக்கு வீடு புது மிக்சி கொடுத்தது. பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். என்ன கரிசனம்!

அன்று நிறைமதி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, பரிதி புது மிக்சியில் பொட்டுக்கடலையைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவளைக் கண்டதும் பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தட்டினான்.

"பாரேன், சத்தமே இல்ல! சரி, சொல்லு. டாக்டர் என்ன சொன்னாங்க? எத்தனை மாசமாம்?"

நிறைமதி அவன் வாயைப் பொத்த ஓடினாள். மிக்சி சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. பிளக்கில் பச்சை விளக்கு அணையவே இல்லை.