கேரட் சூப்

கல்யாணமான முதல் மாதமே அவர் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இனி இந்த வீட்டு வாசப்படியைப் பூசணிக்காய் மிதிக்கக் கூடாது."

அவளுக்கோ பூசணிக்காய் சூப் என்றால் உயிர். இருபது வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள், போன மழைக்காலத்தில்தான் அந்தத் திருட்டுத்தனத்தில் இறங்கினாள். எதிர்வீட்டு அக்கா யாருக்கும் தெரியாமல் அடுத்த தெருக் கடையில் ஒரு துண்டு வாங்கி வந்து கொடுப்பதாக ஏற்பாடு. இவள் அதை வெங்காயத்தோடு வேகவைத்து மசித்து, வெண்ணெயும் மிளகும் சேர்த்து, கேரட் சூப் என்று சொல்லிப் பரிமாறுவாள்.

அவர் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "கேரட்னா இதுதான் கேரட்!" என்பார். சிரிப்பை அடக்குவது அவளுக்குப் பெரும்பாடு.

இன்று பொட்டலம் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது.

"எனக்கு மணிக்கட்டு வலின்னு தோல் எல்லாம் சீவியே தர்றீங்க. ரொம்ப நல்ல மனசுக்கா உங்களுக்கு."

அக்கா திருதிருவென்று விழித்தார். "நான் எங்கம்மா சீவினேன்? கடைக்காரர் சீவித் தர்றாரு. 'அவளுக்குக் கை வலி. நான் சீவினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னாரு."

"எந்தக் கடைக்காரர்?"

"உன் வீட்டுக்காரர்தான். பூசணிக்காய்க்காக அடுத்த தெருவரைக்கும் யாரு நடக்கிறது?"

அவள் முகத்தில் அசடு வழிந்தது. "அப்போ சூப்புல இருக்கிறது என்னன்னு அவருக்கு..."

"நல்லா கேட்டே போ! இருபது வருஷமா காய்கறி விக்கிற மனுஷனுக்குக் கேரட் எது, பூசணி எதுன்னு தெரியாதா? இன்னைக்குப் பெரிய துண்டா வெட்டிக் கொடுத்திருக்காரு. ரெண்டு கிண்ணம் பத்தலையாம்."