பாதி மெஷினை முழுங்கியது யார்?

"எவனோ ஒருத்தன் பாதி மெஷினை முழுங்கிட்டு ஏப்பம் விடுறான்! மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா வெளியில வரட்டும்!"

ஆராய்ச்சிக்கூடமே அதிரக் கத்தினாள் கருந்துளைக்காரி.

கத்தாமல் என்ன செய்வாள்? பிரபஞ்சம் பிறந்த புதிதில் இரண்டு கேலக்ஸிகள் மோதினால், அவற்றின் வயிற்றில் இருக்கும் ராட்சதக் கருந்துளைகள் ஒன்று சேருமா? எல்லோருக்கும் பொதுவான அந்த ராட்சதக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று நாளைய கூட்டத்துக்கு வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தாள்.

முதல் ஓட்டத்தில் இரண்டும் சுற்றிச் சுற்றி வந்தனவே தவிர, ஒட்டுவதாக இல்லை. எரிச்சலில் திரையைப் பட்டென்று மூடிவிட்டு, புதிதாக ஒன்றை வரிசையில் போட்டாள். அது இன்னும் வரிசையிலேயே நிற்கிறது; வேறு ஏதோ ஒரு ஓட்டம் பாதி மெஷினைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வரிசைப் பலகையில் வெறும் எண்கள்தான். எது யாருடையது என்பது மெஷின் பொறுப்பாளருக்கு மட்டுமே வெளிச்சம்.

"அந்த ஆள் யாரு சார்?"

"சொல்லக் கூடாதும்மா."

"சரி, அதுல கால்வாசியாவது பிடுங்கிக் குடுங்க."

"முடியாது."

"அரைக்கால்?"

"இதென்ன காய்கறிக் கடையா?"

பக்கத்து மேசையில் ஒருவன் குனிந்துகொண்டு சிரித்தான். விண்வெளித் தூசியை ஆராய்கிறவன். பெயரே 'தூசி' என்றாகிவிட்டது.

"நீதானே? திருட்டு முழியே சொல்லுது!"

"சத்தியமா நான் இல்லக்கா."

"எவனோடதா இருந்தா என்ன, அணைங்க சார்! பாவம் என் தலையில!"

"ஐயோ, அணைச்சிடாதீங்க!" தூசி பதறி எழுந்தான்.

பொறுப்பாளர் தன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

இரண்டு கரும்புள்ளிகள். உரசாத குறை. அவளுடைய பழைய ஜோடியேதான்!

"திரையை மூடினா ஓட்டம் நிக்குமாம்மா? நிறுத்துன்னு நீங்க சொல்லவே இல்லையே."

அவள் வாயைத் திறப்பதற்குள் புள்ளிகள் சுழன்று, நெளிந்து... ஒன்றாகிவிட்டன.

"சேந்துடுச்சு! சேந்தே போச்சு!"

அவள் துள்ளிய துள்ளலில் நாற்காலி உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. பொறுப்பாளரின் கையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டாள்.

மூச்சு வாங்கியபடி கேட்டாள்: "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல சார்?"

"தன் முறை எப்ப வரும்னு கேக்க வந்தப்ப இந்தத் திரையில பாத்துடுச்சு. சொன்னா நீங்க கோபத்துல அணைச்சிடுவீங்கன்னு இந்தத் தம்பிதான் தடுத்துச்சு. 'ரெண்டும் நெருங்கி வருது, ஓடட்டும்'னு தன் முறையையும் உங்களுக்கே விட்டுக் குடுத்துடுச்சு."

அவள் மெல்லத் திரும்பினாள்.

தூசி பெரிய கும்பிடாகப் போட்டான்.

"அக்கா, அதான் கல்யாணம் முடிஞ்சுதே! இப்பவாவது அதை நிறுத்தித் தொலைங்க. என் தூசி ஒரு மாசமா வாசல்லயே நிக்குது!"