ஆறாவது மாடி லைட்டு

“உங்க கட்டடத்தால எனக்கு வேலை போகப்போகுது, முதலாளி!”

ஹார்ட்வெயார் கடைக்குள் நுழைந்ததுமே கோகிலா வெடித்தாள்.

நுஹ்மான் முதலாளி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“என்ன மகள் நடந்தது?”

“எங்க லயத்து வீடு அந்தா அந்த மலையில இருக்கு. வாசல்ல நின்னா பாலம் தெரியும். விடியக்காலை மொத பஸ்ஸு பாலத்துல ஏறுறதப் பாத்துட்டு நான் குறுக்குப் பாதையில எறங்குவேன். பஸ்ஸும் நானும் ஒண்ணா பஸாருக்கு வந்து சேருவோம். இப்ப பாலம் எங்க? உங்க மாடிதான் தெரியுது!”

“கொஞ்சம் முந்தி வந்து நிண்டா?”

“அந்த பஸ்ஸுக்கு நேரங்காலம் இருக்கா? இருட்டுல ஒத்தப் பொம்பளை ரோட்டுல நிக்க முடியுமா? வீட்டுல கைப்புள்ள வேற. ரெண்டு தடவை பஸ்ஸை விட்டுட்டேன். இன்னொரு தடவை லேட்டானா ‘ஆயே எண்ட எப்பா’ன்னு கார்மெண்ட்ல சிங்களத்துல சொல்லிட்டாங்க. வரவே வேணாமாம்!”

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டார்.

“கட்டினத இடிக்கேலாதே மகள். பொறுங்க, மேல நான் ஒண்டு…”

“மேல இன்னும் ஆறு மாடி கட்டுங்க! எனக்கென்ன?”

அவர் முடிக்கும்வரை கோகிலா நிற்கவில்லை.

கஹவத்தை பஸாரில் அதுவரை தகரக் கூரைகளுக்கு மேலே தலைநீட்டியவை மூன்றுதான். கோயில் கோபுரம், பள்ளிவாசல் மினாரா, புத்த பன்சலை அரசமரம். மூன்றும் ஒன்றையொன்று மறைக்காமல் விலகி நின்றன. நுஹ்மான் முதலாளியின் ஆறு மாடி நடுவில் எழும்பியதும் ஊரின் முகமே மாறிப்போயிற்று. கொழும்பே வந்துவிட்டதென்று சிலர் பெருமைப்பட்டார்கள். பஸாருக்குக் கொம்பு முளைத்துவிட்டதென்று சிலர் சிரித்தார்கள்.

“நீ அவரை ஏசுற,” என்றாள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வெள்ளையம்மா. “ஒம் புருஷன் கொழும்புல கட்டுற மாடி எவ பஸ்ஸை மறைக்குதோ!”

கோகிலாவின் புருஷன் பிரதீபன் கம்பி கட்டுகிற கட்டடம் இதைவிடப் பலமடங்கு உயரம். போட்டோ அனுப்பியிருந்தான்.

அந்த வாரமே ஆறாவது மாடியின் உச்சியில் பெரிய மஞ்சள் லைட்டு ஒன்று முளைத்தது.

விடிவதற்கு முன் திடீரென்று எரியும். மலைப்பக்கம் முழுக்க வெளிச்சம் அடிக்கும். ஜன்னல் இடுக்கால் அது நேரே தொட்டிலில் விழ, பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டு எழும்பும். கொஞ்ச நேரத்தில் லைட்டு தானாக அணைந்துவிடும். ஒரு நாள் எரிகிற நேரத்துக்கு மறுநாள் எரியாது.

“எதுக்குக்கா இந்த லைட்டு?” கோகிலா பல்லைக் கடித்தாள்.

“ஏரோப்பிளேன் வந்து முட்டிக்காம இருக்கத்தான்!” என்றாள் வெள்ளையம்மா.

“நம்ம ஊருக்கு பஸ்ஸே ஒழுங்கா வராது. ஏரோப்பிளேன் வருதாக்கும்! எல்லாம் பணத்திமிரு.”

அழுகிற பிள்ளையை வெள்ளையம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, லைட்டை ஏசிக்கொண்டே அவள் மலையிறங்குவாள்.

ஆனால் ஒன்று, பஸ் தவறவில்லை. அவள் ரோட்டில் கால் வைக்கவும் பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. தினமும் அப்படித்தான். முனியாண்டி சாமிதான் காப்பாற்றுகிறது என்று வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்தாள்.

பிள்ளைக்குச் சளி பிடித்து, விடிய விடிய இருமிய மறுநாள் அவளுக்குப் பொறுமை போயிற்று. வேலை முடிந்து திரும்பும்போது கடை வாசலில் நின்று கத்தினாள்.

“எங்க ஒங்க முதலாளி?”

கடையில் வேலை செய்யும் விஜயகலா எட்டிப் பார்த்தாள். “முழங்கால் எண்ணெய் வாங்கப் போயிட்டாருக்கா. இப்பல்லாம் படியேறி எறங்கி வலி கூடிருச்சு. என்ன சொல்லணும்?”

“மலையிலேருந்து கோகிலா வந்தேன்னு சொல்லு. அந்த லைட்டைப் போட வேணாமாம், புள்ள தூங்கணுமாம்னு சொல்லு.”

மறுநாள் லைட்டு எரியவில்லை.

பிள்ளை அசையாமல் தூங்கியது. சோற்றுப் பார்சலைக் கட்டிவைத்துவிட்டு கோகிலா தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு இந்த அமைதி. சுவரில் சாய்ந்தவள் கண்ணை மூடினாள்.

பஸாரிலிருந்து வந்த ஹார்ன் சத்தத்தில்தான் திடுக்கிட்டு எழும்பினாள்.

பிள்ளையை வெள்ளையம்மாவிடம் போட்டுவிட்டு விழுந்தடித்து ஓடினாள். குறுக்குப் பாதை முடிகிற இடத்தில் நின்று பார்த்தாள். பஸ்ஸின் பின்பக்கம் வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

அப்படியே ரோட்டில் உட்காரப் போனாள்.

“ஏறுங்க மகள்.”

கடை வேன் ஒன்று என்ஜின் உறுமியபடி நின்றது. ஸ்டியரிங்கில் நுஹ்மான் முதலாளி. சுபஹு தொழுதுவிட்டு வந்த தொப்பிகூடத் தலையில் இருந்தது.

“பெல்மதுளைக்குப் போக முந்திப் பிடிச்சிரலாம். கெதியா ஏறுங்க.”

அவள் ஏறினாள். வேன் சீறிக்கொண்டு புறப்பட்டது. ரப்பர் மரங்களுக்கு இடையே வானம் மெல்ல வெளுத்தது. கடைசியில், முன்னால் பஸ்ஸின் பின்விளக்குகள் தெரிந்தன.

“நான் பஸ்ஸை விட்டுருவேன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும், முதலாளி?”

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்:

“பஸ் பாலத்துல ஏறினத மேல நிண்டு பாத்தேன் மகள். ஒவ்வொரு நாளும் அப்பத்தானே நான் லைட்டப் போடுறது. இண்டைக்கும் கை சுவிட்சுக்குத்தான் போச்சு… நீங்க வேணாமெண்டு சொல்லி அனுப்பினீங்களே.”