சல்லடைக் கண்

சலக், சலக் என்று கலங்கிய தண்ணீருக்குள் சத்தம் கேட்டது. கழிமுகத்து மட்டிச் சிப்பிப் பண்ணையில் அறுவடை தொடங்கிவிட்டது.

சல்லடையில் தங்குகிற மட்டி கொதிக்கிற பானைக்குப் போகும். கண் வழியே விழுகிற சின்ன மட்டி சேற்றுக்கே திரும்பும். அதுதான் சட்டம். அதை நம்பி ஒரு மட்டி இரண்டு வருஷமாக வயிறாரத் தின்னவில்லை.

"என்னடி, இன்னிக்கும் பட்டினியா?" என்றது பக்கத்து வளை நண்டு.

"வளர்ந்தா பானைதானே, அண்ணே."

"சாகாம இருக்கணும்னு சாப்பிடாம கிடக்கிறவளை இப்பத்தான் பாக்குறேன்."

சல்லடை வந்து சேற்றோடு அள்ளியது. மட்டி பதறவில்லை. போன வருஷம் போலவே விழக் காத்திருந்தது. விழவில்லை.

"அண்ணாச்சி, என்னைத் தெரியலையா? போன வருஷம் விட்டீங்களே!" என்றது சல்லடையிடம்.

"அது பழைய சல்லடைம்மா. விளைச்சல் பத்தலைன்னு இந்த வருஷம் கண்ணைச் சின்னதாக்கி என்னை அனுப்பியிருக்காங்க."

"ஐயோ, நான் வளரவே இல்லையே!"

"நீ மட்டுமா? இந்தப் பண்ணையில ஒருத்தியும் வளரலை. அப்புறம் விளைச்சல் எப்படிப் பத்தும்?"

சல்லடை அதைக் கூடையில் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்கியது. சலக், சலக்.