எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் பூனை

குற்ற உளவியல் பற்றிப் பதினொரு தடித்த புத்தகங்களைப் படித்து முடித்திருந்தார் நாவலாசிரியர் பரந்தாமன். கொலைக்காகப் பதினான்கு வருடம் சிறையிலிருந்துவிட்டு இப்போது இஸ்திரி போடும் மாசிலாமணியிடம் வந்து, "சின்ன வயசுல பூனை, நாய் எதையாவது கொன்னிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார். பூனைன்னா எனக்கு உசுரு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எல்லாப் புத்தகத்திலயும் இருக்கே!" கொலைகாரனுக்கே கொலையைப் பற்றித் தெரியவில்லையே என்ற இளக்காரம் அவர் உதட்டில் நெளிந்தது.

மாசிலாமணி சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தித் தேய்த்தார். தள்ளுவண்டிக்கு அடியில் ஒரு சாம்பல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"சரி, கொன்னேன்னே எழுதிக்குங்க. பாவம், இவ்வளவு படிச்சுட்டு வந்திருக்கீங்க."

பரந்தாமன் அவசரமாகப் பேனாவைத் திறந்தார்.

"எத்தனை பூனை?"