சொல்லி வந்த காற்று

மாலையில் பலத்த காற்று வீசும் என்று பொம்மிடி ரயில் ஸ்டேஷனுக்குத் தந்தி வந்திருக்கிறது. கேழ்வரகு தூற்றக் காற்றில்லாமல் நான்கு நாளாகச் சித்திரை வெயிலில் காத்திருந்த களத்தில் ஒரே கொண்டாட்டம். முறத்தைத் தூக்கிய சின்னக்காவின் கை அப்படியே நிற்கிறது. மேற்கே வானளவு செம்புழுதி சுவராக நகர்ந்து வருகிறது. அவள் வீட்டின் வருஷச் சோறு தரையில் குவிந்து கிடக்கிறது. வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாக அவளோடு பேசாத நஞ்சப்பன் ஓடி வந்து, தன் வேட்டியை அவிழ்த்துக் குவியலை மூடி, "முருகா!" என்று அதன்மேல் குப்புற விழுகிறார். புழுதி கடந்து போகிறது. குவியல் அப்படியே இருக்கிறது. செங்கல் நிறத்தில், கோவணத்தோடு எழுந்தவர் இருமுகிறார். "காத்து வரும்னாங்க, மண்ணையும் கூட்டியாரும்னு சொல்லலியே!" சின்னக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு வேட்டியை உருவி நீட்டுகிறாள். "மொதல்ல இதக் கட்டுங்க மாமா. சண்டைய நாளைக்குப் போட்டுக்கலாம்."